இன்று ஒற்றை எஞ்சினில் ஏறுமா? பல எஞ்சின் தகுதி வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விமானி உரிம அதிகாரிகளுக்கும், பல எஞ்சின் தகுதித் தேர்வை நடத்தும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம்.

இலகு ரக இரட்டை எஞ்சின் விமானங்களில் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் பயிற்றுநர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் மாணவர்கள் பலர் உங்கள் தேர்வுகளில் தேறியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதே தேர்வில் தேறியவன்தான். அன்று என்னைத் தேர்வு செய்தவர் கனிவும் கண்டிப்பும் ஒருங்கே கொண்டவர். வீஎம்சி எனப்படும், ஓர் எஞ்சின் நின்றபின்னும் விமானத்தைத் திசை தவறாமல் பிடித்துவைக்கக்கூடிய குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகத்தின் இலக்கணத்தை வரி பிசகாமல் சொல்லச் சொன்னார், சொன்னேன். கிரிட்டிக்கல் எஞ்சின், அதாவது நின்றால் அதிகச் சிக்கல் தரும் எஞ்சின், எது, ஏன் என்று கேட்டார், விளக்கினேன். பாதுகாப்பான உயரத்துக்குப் போனதும் எஞ்சினின் திறனைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டில்களில் ஒன்றைப் பின்னுக்கு இழுத்தார். விமானத்தை நேராக வைத்திருந்தேன். இறங்கியதும் கைகுலுக்கி வாழ்த்தினார். ஆனால் அன்று காலை நாங்கள் இருவரும் விமானத்தில் ஏறி அமர்வதற்கு முன், “இந்த எடையில், இந்த வெப்பத்தில், ஓர் எஞ்சின் நின்றுபோனால் இது நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறும்?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் விடை இருந்திருக்காது, ஏனெனில் அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கேள்வி இன்றும் பெரும்பாலான தேர்வுகளில் கேட்கப்படுவதில்லை. அதைக் கட்டாயமாக்கும்படி கோருவதே இம்மடலின் நோக்கம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால் பாதித் திறன் போய்விட்டது, மீதிப் பாதி கையில் இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். திறனைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் விமானம் மேலே ஏறுவது மொத்தத் திறனால் அன்று. மட்டமாகப் பறப்பதற்குச் செலவாகும் திறன் போக எஞ்சி நிற்கும் உபரியால்தான். இரு எஞ்சின்களும் சேர்ந்து புரொப்பெல்லர் வழியாக 280 குதிரைத்திறன் தருவதாகவும், மட்டமாகப் பறக்க 120 தேவைப்படுவதாகவும் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்கு 160 மிஞ்சுகிறது. ஓர் எஞ்சின் நின்றால் கிடைப்பது 140, மட்டமாகப் பறக்க அதே 120 வேண்டும், மிஞ்சுவது 20. திறனில் பாதி குறைந்தபோது ஏற்றத்தில் எட்டில் ஏழு பங்கு மறைந்துவிட்டது. நின்றுபோன பக்கத்து இழுவையும், விமானத்தை நேராக வைக்க மிதிக்கும் ரட்டரின் (வாலிலுள்ள திசைத் தகட்டின்) இழுவையும் அந்த 20-லும் பங்கு கேட்கும். இலகு ரக இரட்டை எஞ்சின் விமானங்கள் ஓர் எஞ்சினை இழக்கும்போது ஏற்ற வீதத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இழப்பதன் காரணம் இந்த எளிய கழித்தல் கணக்குதான். இதில் வியப்பேதும் இல்லை. பல எஞ்சின் தகுதி பெற்ற ஒருவர் இந்தக் கணக்கை ஒருமுறையேனும் தன் கையால் போட்டுப் பார்க்காமலே உரிமம் பெற்றுவிட முடிகிறது என்பதுதான் வியப்பு.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் பயிற்சிக்கும் விதிக்கும் இடையே ஒரு பெரிய விரிசல் இருக்கிறது. சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 23ஆம் பகுதி, நெடுங்காலம் நடைமுறையில் இருந்த வடிவில், 6,000 பவுண்டு அல்லது அதற்குக் குறைவான எடையுள்ள பிஸ்டன் இரட்டை எஞ்சின் விமானங்களை அவற்றின் ஸ்டால் வேகத்தை, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகத்தைக் கொண்டு இரண்டாகப் பிரித்தது. இறங்கும் நிலையில் ஸ்டால் வேகம் 61 நாட்டுக்கு (மணிக்கு 61 கடல் மைலுக்கு) மேல் இருந்தால், ஒற்றை எஞ்சினில் 5,000 அடி அழுத்த உயரத்தில் குறைந்தது 1.5 சதவீத ஏற்றச் சரிவை, அதாவது 100 அடி முன்னே போவதற்குள் 1.5 அடி ஏற்றத்தை, அந்த விமானம் காட்டியாக வேண்டும். ஸ்டால் வேகம் 61 நாட் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த உயரத்தில் ஏற்றமோ இறக்கமோ எவ்வளவு என்று கண்டறிந்தால் போதும். ‘ஏற்றமோ இறக்கமோ’ என்ற அந்தத் தொடரை மாணவர்களிடம் நான் இருமுறை வாசித்துக் காட்டுவது வழக்கம். ஒற்றை எஞ்சினில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் ஓர் இரட்டை எஞ்சின் விமானத்துக்குச் சட்டப்படி முழுமையான சான்றிதழ் கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள்.

இது சட்டத்தில் விழுந்த ஓட்டை அன்று, தெரிந்தே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். 61 நாட் என்ற எல்லை தற்செயலாக வந்ததில்லை. ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த ஸ்டால் வேக வரம்பும் அதுவே. எஞ்சின் நின்றால் ஒற்றை எஞ்சின் விமானம் எங்கேனும் இறங்கத்தான் வேண்டும், ஆகவே அது மெதுவாக இறங்கக்கூடியதாக இருக்கட்டும் என்பது அந்த வரம்பின் பின்னாலுள்ள எண்ணம். அதே வரம்புக்குள் அடங்கும் இரட்டை எஞ்சின் விமானத்தைப் பார்த்துச் சட்டம், “நீ ஏறாவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாக இறங்க உன்னால் முடியும்” என்று சொல்லிவிடுகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த எண்ணத்தை இன்னும் வெளிப்படையாக்கியது: ஒற்றை எஞ்சின் விமானங்களுக்குரிய மோதல் பாதுகாப்புத் தரத்தை எட்டாத சிறிய, குறைவேக இரட்டை எஞ்சின் விமானங்கள்தாம் அந்த 1.5 சதவீத ஏற்றத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. அதாவது, சான்றிதழ் வழங்கிய அதிகாரியின் கண்ணில் இவ்வகை விமானம், ஓர் எஞ்சின் நின்ற மறுகணம், ஏறத்தாழ ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு உரிய நிலைக்கே வந்துவிடுகிறது. இறங்க இடம் தேடுவது அங்கே முறையான வழி. ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரியின் தேர்வோ, மாணவர் எப்போதும் தொடர்ந்து பறந்து, வட்டமிட்டு, ஓடுபாதைக்குத் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பில் நடத்தப்படுகிறது. ஒரே அலுவலகத்தின் இரு அறைகள் தம்முள் பேசிக்கொள்ளாததுபோல் இருக்கிறது இது.

பெரிய பயணிகள் விமானங்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இரண்டு எஞ்சின் கொண்ட போக்குவரத்து வகை விமானம், சக்கரங்களை உள்ளிழுத்தபின் ஓர் எஞ்சினில் 2.4 சதவீத ஏற்றச் சரிவைக் காட்டியே தீர வேண்டும். அன்றைய எடையும் வெப்பமும் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அந்த விமானம் சட்டப்படி கிளம்ப முடியாது. இலகு ரக விமானத்தில் பயிற்சி பெறும் மாணவர்களில் பெரும்பாலோர் நாளை அந்தப் பெரிய விமானங்களை ஓட்டப் போகிறவர்கள். அங்கே செல்லுபடியாகும் உறுதிமொழி இங்கும் உண்டு என்று அவர்கள் நம்பிக்கொள்வதைத் தடுக்க நாம் எதுவும் செய்வதில்லை.

எண்களோடு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் புழங்கும் பைப்பர் செமினோல் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 180 குதிரைத்திறன் கொண்ட இரு எஞ்சின்கள். அதிகபட்ச எடை 3,800 பவுண்டு. கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், முழு எடையோடு ஒற்றை எஞ்சினில் அதன் ஏற்றம் நிமிடத்துக்குச் சுமார் 212 அடி. ஒற்றை எஞ்சின் சேவை உச்சம், அதாவது ஏற்றம் நிமிடத்துக்கு 50 அடியாகச் சுருங்கும் உயரம், 3,800 அடி. இப்போது கடல்மட்டத்தில் இருக்கும் ஓர் ஓடுபாதையில் 40 பாகை வெப்பம் என்று கொள்வோம். தர வெப்பநிலையான 15 பாகைக்கு மேலான ஒவ்வொரு பாகைக்கும் அடர்த்தி உயரம் ஏறத்தாழ 120 அடி கூடும். 25 பாகைக்கு 3,000 அடி. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அந்த விமானம் 3,000 அடி உயரத்தில் இருப்பதாகத்தான் அதன் எஞ்சினும் இறக்கையும் உணர்கின்றன. உச்சத்தைத் தொட இன்னும் 800 அடிதான் பாக்கி. மேற்சொன்ன இரண்டு எண்களுக்கு இடையே நேர்க்கோடு போட்டால் ஏற்றம் நிமிடத்துக்குச் சுமார் 85 அடி. தரையிலிருந்து 50 அடியில் எஞ்சின் நின்றால், 500 அடியைத் தொட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் எட்டுக் கடல் மைல் கடந்திருக்கும். அந்த எட்டு மைலில் ஒரு மரமோ, மின்கோபுரமோ, சிறு குன்றோ குறுக்கிடக் கூடாது. ஒரு திருப்பம்கூட எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த 85 அடியிலும் ஒரு பகுதி சாய்வுக்குச் செலவாகிவிடும்.

இந்த 85 அடிகூட எல்லாம் சரியாக நடந்தால் கிடைப்பது. சக்கரங்கள் உள்ளே போயிருக்க வேண்டும். ஃபிளாப் மடங்கியிருக்க வேண்டும். நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் ஃபெதர் நிலையில் காற்றுக்கு விளிம்பைக் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். வேகம், ஒற்றை எஞ்சினில் மிக நன்றாக ஏறும் வேகத்தைக் காட்டும் நீலக்கோட்டில், செமினோலில் 88 நாட்டில், கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். விமானம் இயங்கும் எஞ்சின் பக்கமாக இரண்டு மூன்று பாகை சாய்ந்து, பக்கவாட்டு வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்து அதே பக்கம் அரைப் பங்கு விலகியிருக்க வேண்டும். பந்தை நடுவில் வைத்து இறக்கைகளை மட்டமாகப் பிடித்தால் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் விமானம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு இழுவையைச் சுமந்து செல்லும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆண்டுக்கணக்கில் ‘பந்தை நடுவில் வை’ என்று கேட்டு வளர்ந்த காலுக்கு இதைப் புரியவைப்பது எளிதன்று. காற்றில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லர் ஒன்றே ஏற்றத்தை இறக்கமாக மாற்றப் போதுமானது. அந்த ஃபெதருக்கும் ஒரு கெடு உண்டு: பல பிஸ்டன் எஞ்சின்களில் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 800-க்குக் கீழே போய்விட்டால், தரையில் எஞ்சினை அணைக்கும்போது புரொப்பெல்லர் ஃபெதர் ஆகாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்ட அதே பூட்டு இங்கும் விழுந்துவிடும், அதன்பின் நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை. கையேட்டில் உள்ள எண்ணோ, புதிய எஞ்சின் பொருத்திய புதிய விமானத்தை, எஞ்சின் நிற்கப்போவதை முன்கூட்டியே அறிந்த சோதனை விமானி ஓட்டியபோது பதிவானது. பல்லாயிரம் மணி நேரம் பறந்து, வண்ணம் உதிர்ந்து, மாணவர்களின் கையில் அடிபட்ட பயிற்சி விமானத்திலிருந்து அதே எண்ணை எதிர்பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. கையேட்டு எண்ணில் பாதியை மட்டும் நம்புங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். மேற்சொன்ன நாளில் அந்தப் பாதி நிமிடத்துக்கு 42 அடி. அதை ஏற்றம் என்று அழைக்க எனக்குத் துணிவில்லை.

இப்போது நம் பயிற்சியைப் பாருங்கள். பயிற்சி விமானத்தில் இருப்பது இருவர்; பின் இருக்கை காலி; டாங்கில் பெரும்பாலும் பாதி எரிபொருள்; பயிற்சி நேரம் காற்று குளிர்ந்திருக்கும் அதிகாலை. அமெரிக்கத் தேர்வுத் தரத்தின்படி, கிளம்பியபின் எஞ்சின் நிற்பதாகக் காட்டும் பயிற்சி 400 அடிக்குக் கீழே கூடாது, வேகமும் வரையறுத்த பாதுகாப்பு வேகத்துக்குக் குறையக் கூடாது. உண்மையில் ஃபெதர் செய்து காட்டுவதும் வீஎம்சி செயல்விளக்கமும் 3,000 அடிக்கு மேல்தான். இவை அறிவார்ந்த விதிகள், ஒன்றையும் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆயினும் இவற்றின் விளைவாக, மாணவர் பார்க்கும் ஒவ்வொரு எஞ்சின் செயலிழப்பிலும் விமானம் ஏறுகிறது. ஓர் ஐம்பது முறை பார்த்தபின், ‘எஞ்சின் நின்றால் ரட்டரை மிதி, சரிபார், ஃபெதர் செய், ஏறு’ என்பது அவருடைய உடம்பில் பதிந்துவிடுகிறது. அந்த வரிசையின் கடைசிச் சொல்லைப் பற்றி எவரும் அவருக்கு ஐயம் எழுப்பியதே இல்லை.

நாம் அத்தனை அக்கறையோடு ஒப்பிக்கவைக்கும் வீஎம்சி இலக்கணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயங்கும் எஞ்சினில் அதிகபட்சக் கிளம்பு திறன், நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் சுழலும் நிலை, எடைமையம் மிகப் பாதகமான பின்னெல்லையில், சக்கரங்கள் உள்ளே, ஃபிளாப் கிளம்பு நிலையில், சாய்வு 5 பாகைக்கு மிகாமல், ரட்டர் மிதிக்கும் விசை 150 பவுண்டுக்கு மிகாமல், திசை 20 பாகைக்கு மேல் விலகாமல் என்று எவ்வளவோ நிபந்தனைகள் அதில் உண்டு. ஏற்றம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. விமானம் நேராகப் போகுமா என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்கிறது. போதாக்குறைக்கு, இந்த நிபந்தனைகளில் சில, கட்டுப்பாட்டுக்கும் ஏற்றத்துக்கும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்பவை. வெப்பம் கூடினால் எஞ்சினின் திறன் குறைந்து வீஎம்சி இறங்கும், ஏற்றமும் போய்விடும். எடைமையம் பின்னுக்குப் போனால் வீஎம்சி உயரும், ஏற்றம் சற்றே மேம்படும். மாணவர்கள் இவற்றை அட்டவணையாக்கி மனப்பாடம் செய்து வருகிறார்கள். ‘வீஎம்சி குறைந்தது, நல்லது’ என்று எழுதிய கை, அந்த நல்ல நாளில்தான் விமானம் ஏறவே ஏறாது என்பதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

வீஎம்சி செயல்விளக்கத்தில் வேறோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சினில் உயரம் கூடக்கூட வீஎம்சி குறையும். கருவியில் காட்டும் ஸ்டால் வேகம் அப்படியே நிற்கும். இரண்டும் சந்திக்கும் உயரத்தில் செயல்விளக்கம் செய்தால் விமானம் திசை தவறுவதும் ஸ்டால் ஆவதும் ஒருங்கே நிகழும். சமனற்ற திறனோடு ஸ்டால் என்றால் சுழல், அதாவது சுழன்றபடியே கீழே விழுவது. சுழலிலிருந்து மீள்வதைச் செய்து காட்டும்படி இரட்டை எஞ்சின் விமானங்களிடம் விதி கேட்பதில்லை. 1960களில் பைப்பர் ட்வின் கொமான்ச்சி விமானங்கள் இத்தகைய பயிற்சியின்போதே விழுந்ததை இத்துறையில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையேட்டில் மணிக்கு 80 மைலாக இருந்த வீஎம்சி 90 ஆக உயர்த்தப்பட்டது; பின்னர் 1970இல், எஞ்சின்கள் எதிரெதிராகச் சுழலும் வடிவமும் வந்தது. இரண்டும் நல்ல மாற்றங்களே. ஆனால் இரண்டுமே கட்டுப்பாட்டைப் பற்றியவை.

கட்டுப்பாட்டுச் சிக்கலை முற்றாக நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு விடை ஏற்கனவே இருக்கிறது. 1960களில் செஸ்னா நிறுவனம் ஓர் எஞ்சினை மூக்கிலும் மற்றொன்றை உடற்பகுதியின் பின்னாலும் வைத்து ஸ்கைமாஸ்டர் விமானத்தை உருவாக்கியது. ஓர் எஞ்சின் நின்றாலும் விமானம் பக்கம் திரும்பாது. கிரிட்டிக்கல் எஞ்சின் பற்றிய மனப்பாடம் தேவைப்படாது. அதில் மட்டும் தேர்வு எழுதியவரின் அமெரிக்க உரிமத்தில் மையக்கோட்டு உந்துவிசைக்கு மட்டும் என்ற வரையறை சேர்க்கப்பட்டது. ஆனால் திறனின் கழித்தல் கணக்கு அதற்கும் அதேதான். இன்னும் சொல்லப்போனால், பின்புற எஞ்சின் தரையிலேயே அணைந்துவிட்டதை அறியாமல், முன்புற எஞ்சினை மட்டும் நம்பிக் கிளம்ப முயன்ற விமானிகள் இருந்திருக்கிறார்கள். விமானம் பக்கம் திரும்பாததால் அவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. ஒற்றை எஞ்சினில் கிளம்பாதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகையை விமானிக்கு முன்னால் ஒட்டவேண்டி வந்தது. நேராகப் போவது வேறு, மேலே போவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் அறியேன்.

அவசரகதியில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஒரு சொல். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானத்தில் வலப்பக்க எஞ்சின் தானாகவே ஃபெதர் ஆனது. நல்ல நிலையில் இருந்த இடப்பக்க எஞ்சினின் திறனை விமானிகள் குறைத்து, அதையும் நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் இருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர். அது இலகு ரக விமானம் அன்று. இரு விமானிகள் இருந்தனர். ஒற்றை எஞ்சினில் ஏறுவதற்கான உறுதியும் சான்றிதழில் இருந்தது. அத்தனை இருந்தும் சில நொடிகளில் கை தவறான நெம்புகோலுக்குப் போனது. இலகு ரக விமானத்தில் தனியாக அமர்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதைவிடக் குறைவு. ‘இன்று ஏறுமா’ என்ற கேள்வியையும் அந்த நொடிகளுக்குள் வைத்து அவரே விடைகாண வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகாது. விடை ஓடுபாதைக்குள் நுழையும் முன்பே அவர் வாயால் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

அந்த விடை ‘ஏறாது’ என்றால் செய்ய வேண்டியது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம்: இரண்டு த்ராட்டிலையும் மூடி, மூக்கைத் தாழ்த்தி, இறக்கைகளை மட்டமாக வைத்து, எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்குவது. நல்ல நிலையில் முழங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் தன் கையால் அடக்குவதற்கு எந்த மனமும் எளிதில் இணங்காது. அதனால்தான் விமானி மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்குகிறார். வேகம் நீலக்கோட்டிலிருந்து, வீஎம்சியைக் குறிக்கும் சிவப்புக்கோட்டை நோக்கிச் சரிகிறது. சாய்வு தளர்ந்து இறக்கைகள் மட்டமாகும்போது வீஎம்சி ஒவ்வொரு பாகைக்கும் 3 நாட் வரை, சில வேளை அதற்கும் மேல், அவரை நோக்கி உயர்ந்து வருகிறது. ஒரு கட்டத்தில் விமானம் நின்ற எஞ்சின் பக்கமாகப் புரண்டுவிடுகிறது. கட்டுப்பாட்டோடு 60 நாட்டில் வயல்வெளியில் இறங்கும் விமானத்தின் ஆற்றலைவிட 90 நாட்டில் தரையைத் தொடும் விமானத்தின் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. தலைகீழாக விழுவதன் விளைவை எந்தப் பெருக்கலாலும் சொல்ல முடியாது. வீஎம்சி செயல்விளக்கத்தில் மீள்வதற்கு நாம் கற்றுத்தரும் வழியும் இதுதானே: இயங்கும் எஞ்சினின் திறனைக் குறை, மூக்கைத் தாழ்த்து. 3,000 அடியில் இதைச் செய்து காட்டும் மாணவரிடம், “100 அடியில் இதையே செய்வாயா?” என்று நாம் கேட்பதில்லை.

சக பயிற்றுநர்கள் சிலர் இதற்கு மறுப்புச் சொல்வதுண்டு. த்ராட்டிலை மூடும்படி பழக்கினால், தாராளமாக ஏறக்கூடிய நாளிலும் மாணவர் பதறி மூடிவிடுவார் என்பது அவர்கள் வாதம். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. குளிர்ந்த காலையில், குறைந்த எடையில், தடையற்ற வெளியில் செமினோல் ஒற்றை எஞ்சினில் நன்றாகவே ஏறும்; அப்போது இறங்க முற்படுவது வீண் விபரீதம். ஆகவேதான் நான் கேட்பது ஒரு பொது விதியை அன்று, அன்றன்றைய எண்ணை. எண் நல்லதாக இருந்தால் ஏறலாம். மோசமாக இருந்தால், எஞ்சின் நிற்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செய்வதற்கு நிறைய இருக்கிறது: ஒருவரை இறக்கிவிடலாம், எரிபொருளைக் குறைக்கலாம், நீண்ட ஓடுபாதையைக் கேட்டு வாங்கலாம், வெயில் தாழும்வரை காத்திருக்கலாம். எடை குறைந்தால் மட்டமாகப் பறக்கத் தேவையான திறன் குறையும், மிஞ்சும் திறனுக்குத் தூக்க வேண்டிய சுமையும் குறையும். இரு வழியிலும் ஆதாயம். இவ்வளவையும் தரையில் நின்று நிதானமாக முடிவு செய்யலாம். அந்த எண் கையில் இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் தோன்றாது.

ஆகவே உங்கள்முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, பல எஞ்சின் தகுதித் தேர்வுக்கு வரும் ஒவ்வொருவரும் அன்றைய எடை, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றுக்கான ஒற்றை எஞ்சின் ஏற்ற வீதத்தையும், ஒரு கடல் மைலுக்கு எத்தனை அடி என்ற சரிவையும், நிற்பதற்கு வேண்டிய ஓடுபாதை நீளத்தையும் எழுத்தில் கொண்டுவந்து, கிளம்பும் முன் உரக்கச் சொல்ல வேண்டும். சக்கரங்கள் கீழே இருக்கும்வரை என்ன செய்வேன், மேலே போனபின் என்ன செய்வேன் என்பதையும் அந்த எண்ணோடு பிணைத்துச் சொல்ல வேண்டும். இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு தாளும் போதும். முழு எடைக்கும் மிக வெப்பமான நாளுக்குமான எண்ணை அதே தாளில் பக்கத்தில் எழுதச் சொல்வது இன்னும் நல்லது, ஏனெனில் உரிமம் பெற்றபின் அவர் குடும்பத்தோடும் பெட்டிகளோடும் பறக்கப்போவது அந்த எடையில்தான்.

இரண்டாவது, முழு எடையில், வெப்ப நாளில், 100 அடியில் எஞ்சின் நின்று, ஏற முடியாத நிலை ஏற்படும் ஒரு பயிற்சியைச் சிமுலேட்டரில் கட்டாயமாக்குங்கள். கட்டுப்பாட்டோடு எதிரே இறங்கியவர் அதில் தேறினார் என்றும், ஏறமுடியாத விமானத்தை ஏற்ற முயன்று புரண்டவர் தேறவில்லை என்றும் மதிப்பெண் அட்டையில் வெளிப்படையாக இருக்கட்டும். வீஎம்சி அருகே பயிற்சிச் சிமுலேட்டர்கள் உண்மை விமானத்தை முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை என்பதை அறிவேன். இந்தப் பயிற்சி காலுக்கன்று, முடிவெடுக்கும் மனத்துக்கு. அதற்கு அவை போதும்.

மூன்றாவது, தகுதியைப் புதுப்பிப்பது பற்றியது. ஐரோப்பிய விதிகளில் பல எஞ்சின் பிஸ்டன் தகுதி ஓராண்டுக்கே செல்லும். அமெரிக்காவில் அதற்குக் காலாவதி இல்லை. 24 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் பறப்பு மீளாய்வை ஒற்றை எஞ்சின் விமானத்திலேயே முடித்துக்கொள்ளலாம். எந்த முறையைப் பின்பற்றினாலும், இரட்டை எஞ்சினில் பயணிகளை ஏற்றிச் செல்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேற்சொன்ன தாளை ஒரு பயிற்றுநர் முன் நிரப்பிக் காட்ட வேண்டும் என்று கேட்பது அதிகப்படியாகாது.

இவற்றில் எதையும் ஏற்பதற்கு முன், உங்கள் தேர்வாளர்களுள் சிலரிடம் அவர்கள் கடைசியாக நடத்திய தேர்வில் அந்த விமானத்தின் அன்றைய ஒற்றை எஞ்சின் ஏற்ற வீதம் என்னவாக இருந்தது என்று கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். என் பங்குக்கு, எங்கள் பள்ளியில் கடந்த பருவம் முதல் நிரப்பிவரும் தாளின் மாதிரியை அனுப்பிவைக்க அணியமாக இருக்கிறேன். அதில் மொத்தம் ஏழு வரிகள். கடைசி வரியில் மாணவர் ‘ஏறும்’ அல்லது ‘ஏறாது’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பல எஞ்சின் விமானப் பயிற்றுநர் ஒருவர்